சிறுநீரகம் தேறிவிட்டது, சீட்டில்தான் அந்த வரி இல்லை

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். தங்கையைச் சேலம் அம்மாப்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். நாள் நெருங்கிய நேரத்தில், நள்ளிரவில் பனிக்குடம் உடைந்து தண்ணீர் பச்சையாக வந்தது. 108 வண்டியில் மலையிறங்கிச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, 2.6 கிலோ. பிறந்ததும் அழவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். இரண்டாம் நாள், "கிட்னி கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது" என்றார்கள். சிறுநீர் வர ஊசி போட்டதும் பிழைத்துக்கொண்டான். பத்தொன்பதாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே நாளில், அதே போல அழாமல் பிறந்த பக்கத்துத் தொட்டில் குழந்தை பதினோராம் நாளே வீட்டுக்குப் போய்விட்டது. எங்களை மட்டும் பில்லுக்காக இழுத்தடித்தார்களா? இந்தக் குழந்தை பிற்காலத்தில் டயாலிசிஸில் போய் நிற்குமா? என் அம்மா அதை நினைத்தே தூங்குவதில்லை. தங்கையின் மாமியார், "மலைக்குக் கூட்டிக்கொண்டு போனதால்தான் இப்படி ஆயிற்று, காப்பியாகக் குடித்தே பிள்ளையின் கிட்னியைக் கெடுத்தாள்" என்கிறார். தங்கை முதுகுவலிக்கு மாத்திரையும் போட்டிருக்கிறாள். குழந்தைக்கு இப்போது இரண்டு மாதம், நன்றாகப் பால் குடிக்கிறான். உரை மருந்து கொடுக்கலாமா? வெயில் காலத்தில் தண்ணீர் கொடுக்கலாமா? மறுபடி ஏற்காட்டுக்கு அழைத்து வரலாமா? குளிர் கிட்னிக்கு ஆகாது என்கிறார்களே! எல்லாத் தாள்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கணக்கு எழுதுகிறவர் என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், நர்ஸ்கள் எழுதிய தினசரி அட்டவணை எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல முடிகிறது.

முதலில் உங்கள் அம்மாவுக்கு. குழந்தையின் சிறுநீரகம் இப்போது வேலை செய்கிறது. ரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், கடைசியாக எடுத்தபோது 0.4. இன்றைய நிலையில் டயாலிசிஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த நான்கு வரிகளை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு மற்றதைப் படியுங்கள்.

பிறக்கும்போது மூச்சுக்குத் திண்டாடும் குழந்தையின் உடம்பு ஒரு முடிவெடுக்கிறது. இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் ரத்தத்தையும் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் குறைகிறது. உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. அதற்குச் சிறுநீரகம் கொடுக்கும் விலைதான் உங்கள் டாக்டர் சொன்ன "அடி". மருத்துவத்தில் இதைத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். பிறந்த குழந்தைகளிடம் இது பெரும்பாலும் தனி நோயாக வருவதில்லை. மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமித் தொற்று, இதயக் கோளாறு, குறைமாதப் பிறப்பு, கடுமையான நீரிழப்பு என்று வேறொன்றின் பின்னால்தான் வருகிறது. சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே அடைப்பு இருந்து வருவதும் உண்டு, குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு. உங்கள் மருமகனுக்கு ஐந்தாம் நாள் எடுத்த வயிற்று ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும் இயல்பாக இருக்கின்றன. ஆகவே அந்தப் பக்கம் கவலை வேண்டாம்.

இனி நீங்கள் அனுப்பிய எண்கள். முதல் நாள் கிரியேட்டினின் 0.9. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அன்று இருப்பது பெரும்பாலும் தாயின் கிரியேட்டினின்தான், அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. நிறைமாதக் குழந்தைக்கு அது அடுத்தடுத்த நாட்களில் இறங்கிக்கொண்டே வரவேண்டும். இவனுக்கு இரண்டாம் நாள் 1.3, நான்காம் நாள் 1.9. இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது. பிறகு 1.5, 0.9, 0.6 என்று இறங்கி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் 0.4. இரண்டு நாளுக்குள் 0.3 கூடினாலே பாதிப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். முந்தைய குறைந்த அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் இரண்டாம் படி, மூன்று மடங்கானாலோ 2.5 ஆனாலோ மூன்றாம் படி. 0.9 எங்கே, 1.9 எங்கே? உங்கள் குழந்தை இரண்டாம் படிக்குப் போய்த் திரும்பியிருக்கிறான்.

அட்டவணையில் "டயப்பர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, பார்த்தீர்களா? அதில் எழுதியிருப்பது கிராம். நர்ஸ் ஒவ்வொரு டயப்பரையும் மாட்டும் முன் தராசில் வைத்து எடை எழுதுகிறார், கழற்றியதும் மறுபடி வைக்கிறார், வித்தியாசத்தைக் குறிக்கிறார். ஒரு கிராம் என்பது ஒரு மில்லி சிறுநீர். 2.6 கிலோ குழந்தைக்கு ஒரு நாளில் குறைந்தது 62 மில்லியாவது வரவேண்டும்; கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. இரண்டாம் நாள் மொத்தமே 38. அதற்கு எதிரே யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். அந்த வட்டத்தைப் போட்ட நர்ஸ் யாரோ தெரியாது, உங்கள் குழந்தைக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார். ஏனென்றால் அன்று மாலையே சொட்டு நீரின் அளவு குறைக்கப்பட்டிருக்கிறது, ரத்தம் மறுபடி சோதிக்கப்பட்டிருக்கிறது.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீர் குறையாமலே சிறுநீரகம் பாதிக்கப்படும் குழந்தைகளும் உண்டு. "ஒன்றுக்குப் போகிறானே, அப்புறம் என்ன?" என்று எந்தப் பாட்டியும் டாக்டரை மடக்க முடியாது. ரத்தப் பரிசோதனைதான் பேசும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தொட்டில் குழந்தை பதினோராம் நாளே போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தையின் தாள்கள் என்னிடம் இல்லை. ஆனால் உங்களுடையதில் எட்டு நாள் கூடியதற்கான காரணம் எழுதியே இருக்கிறது.

நான்காம் நாள் எடை 2.75 கிலோ. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் இளைக்க வேண்டும், இவன் 150 கிராம் கூடியிருக்கிறான். அது சதையில்லை, வெளியேறாத நீர். அன்றே சோடியம் 126. நீர் கூடியதால் உப்பு நீர்த்துப்போயிருக்கிறது. நீர் உடம்பில் தேங்கினால் நுரையீரலும் கனக்கும், மூச்சுக் கருவியிலிருந்து எடுப்பது தள்ளிப்போகும். உங்கள் தாளில் கருவியை எடுத்தது ஆறாம் நாள். நீரைக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் பாலையும் தாராளமாக ஏற்ற முடியாது. மூன்று மில்லி, ஐந்து மில்லி என்று குழாய் வழியே ஏறி, முழுப் பாலுக்கு வந்தது பதின்மூன்றாம் நாள். அதன் பிறகு தாய் மார்பில் குடித்து எடை கூடுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். பொட்டாசியம் 5.8 வரை போயிருந்ததால் அதையும் அடிக்கடி எடுத்திருக்கிறார்கள். இந்தத் தாள்களில் இழுத்தடிப்பு எனக்குத் தெரியவில்லை. மூச்சுக் கருவியும் பாலும் எடையும் ஆளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனால் எட்டு நாள் ஆகிவிடும். பில்லில் வேறு வரிகள் நியாயமா என்பது வேறு விஷயம். அதற்கு நான் ஆளில்லை.

இது உங்கள் குழந்தைக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 24 மருத்துவமனைகள் சேர்ந்து செய்த "அவேக்கன்" என்ற ஆய்வு 2017இல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்து குறைந்தது இரண்டு நாளாவது சொட்டு நீர் ஏறிய 2,022 குழந்தைகளின் தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 605 பேருக்கு, அதாவது பத்தில் மூவருக்கு, சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. மிகவும் குறைமாதத்தில், 29 வாரத்துக்கு முன் பிறந்தவர்களிடம் அது ஏறக்குறைய பாதிப்பேர். ஆச்சரியம் என்னவென்றால் 36 வாரமும் அதற்கு மேலும் தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளிடமும் 37 சதவீதம் பேருக்கு இருந்தது. இடைப்பட்டவர்களிடம்தான் குறைவு, 18 சதவீதம். நிறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறது என்றாலே மூச்சுத் திணறல், தொற்று போன்ற பெரிய காரணம் ஒன்று இருக்கும், அதனால் இப்படி. உங்கள் குழந்தை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

பாதிப்பு இருந்தவர்களில் இறந்தவர்கள் பத்து சதவீதத்துக்குச் சற்றே குறைவு, இல்லாதவர்களில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. சிறுநீரகம் பாதிக்கப்படுகிற குழந்தைகள் மற்ற வகையிலும் கூடுதலாகச் சீக்குப்பட்டவர்கள்தானே, அதனால் இறப்பும் கூடியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எடை, மாதம், மற்ற நோய்கள் என்று அந்த வித்தியாசங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் இறக்கும் ஆபத்து நான்கரை மடங்கு அளவுக்கு நின்றது. மருத்துவமனையில் தங்கியதோ ஏறக்குறைய ஒன்பது நாள் கூடுதல். உங்கள் எட்டு நாளுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தற்செயல்தான், ஆனால் போக்கு அதுதான். இந்த எண்களை நீங்கள் பயந்துகொண்டு படிக்க வேண்டாம். ஆபத்தான கட்டம் மருத்துவமனையிலேயே முடிந்து குழந்தை வீட்டுக்கு வந்தாயிற்று. சிறுநீரகத்தைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்க முடியாது என்பதற்காகத்தான் எழுதினேன்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. சிறுநீரகத்தை உடனே குணமாக்கும் மருந்து எதுவும் கிடையாது. "சிறுநீர் வர ஊசி போட்டதும் பிழைத்துக்கொண்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசி தேங்கிய நீரை இறக்கும், அடிபட்டதை ஆற்றாது. ஆற்றியது காலமும் கவனமும். கவனம் என்றால் நீரைக் கிராமுக்குக் கிராம் அளப்பது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும் மருந்துகளை விலக்குவது. கிருமிக்காகத் தொடங்கிய அமிகாசினை உங்கள் டாக்டர் மூன்றாம் நாளே நிறுத்தி வேறு மருந்துக்கு மாறியிருக்கிறார். அந்த மருந்து தேவைப்படும் இடத்தில் நல்ல மருந்துதான். ஆனால் வெளியேற வழியில்லாமல் தேங்கினால் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். இதெல்லாம் செய்தும் நீரும் பொட்டாசியமும் கட்டுக்குள் வராமல் போனால்தான் வயிற்றில் சிறு குழாய் வைத்துச் செய்யும் டயாலிசிஸ். அது இவனுக்குத் தேவைப்படவே இல்லை.

இனி மாமியார் அம்மாவின் வழக்கு. காப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பிணி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, அது பொதுவான அறிவுரை. ஆனால் அது குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் காப்பியில் இருக்கும் கஃபீனையே குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு நின்றுவிடாமல் இருக்க மருந்தாகக் கொடுக்கிறோம். முன்னே சொன்ன அதே ஆய்வில், கஃபீன் பெற்ற குறைமாதக் குழந்தைகளிடம் சிறுநீரகப் பாதிப்பு குறைவாகவே காணப்பட்டது. காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு இது இனிப்பான செய்திதான். அதற்காகக் குழந்தைக்குக் காப்பி புகட்டக் கிளம்பிவிடாதீர்கள்!

மாத்திரையைப் பார்த்தேன். படத்தில் இருப்பது பாராசிட்டமால். அதுவும் பிரசவத்துக்கு முந்தைய மாதத்தில் இரண்டு மூன்று தடவை. அதனால் இது வரவில்லை. கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு பயப்பட வேண்டியது இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளுக்கு. அவை வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீரைக் குறைத்து, பனிக்குட நீரையும் குறைத்துவிடும். மருந்துக் கடையில் "முதுகுவலி" என்று கேட்டால் கையில் வருவது பல நேரம் இந்த வகைதான். உங்கள் தங்கை தப்பித்தார்.

மலை? இங்கே நான் உங்கள் பக்கம் முழுதாக நிற்க மாட்டேன். ஏற்காட்டுக்கு வந்ததால் குழந்தைக்கு மூச்சுத் திணறவில்லை. பனிக்குட நீர் பச்சையானது குழந்தை உள்ளேயே மலம் கழித்ததன் அடையாளம். அது மலையடிவாரத்திலும் நடக்கும், மருத்துவமனைக் கட்டிலிலேயே படுத்திருக்கும் பெண்ணுக்கும் நடக்கும். ஆனால் நள்ளிரவில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் ஆபரேஷன் அறைக்குப் போக முடியும் என்ற நிலையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை வைத்திருக்கக்கூடாது. இந்தக் குழந்தைக்கு அந்த நேரம் எவ்வளவு கெடுதல் செய்தது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது, மாமியாராலும் முடியாது. ஆகவே பழியை விட்டுவிடுங்கள், ஏற்பாட்டை மட்டும் மாற்றுங்கள். அடுத்த பிரசவத்துக்கு 37, 38 வாரத்திலேயே கீழே வந்துவிட வேண்டும், அம்மாப்பேட்டையிலேயே தங்கலாம். தாய்வீட்டுச் சீரெல்லாம் குழந்தை பிறந்த பிறகு மேலே போய்ச் செய்துகொள்ளலாம். கீழே சொந்தக்காரர் இல்லாதவர்களுக்காக மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மகப்பேறு காத்திருப்பு அறை என்ற ஏற்பாடும் அரசில் உண்டு. உங்கள் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு முறை படித்தேன். நோய் என்ற தலைப்பில் "பிறப்பு மூச்சுத் திணறல், வலிப்பு இல்லை" என்று இருக்கிறது. "பொது நிலை நன்று, தாய்ப்பால் குடிக்கிறான்" என்று இருக்கிறது. தடுப்பூசித் தேதி, இரும்புச் சத்துச் சொட்டு, விட்டமின் டி எல்லாம் இருக்கின்றன. சிறுநீரகம் என்ற சொல்லே இல்லை. கடைசிப் பக்கத்து ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் 1.9 என்ற எண் மட்டும் அனாதையாக நிற்கிறது.

இது அந்த மருத்துவமனையின் தனிக் குறையில்லை. இங்கே மட்டுமில்லை, உலகம் முழுக்க இப்படித்தான் விட்டுப்போகிறது. குழந்தை தேறிவிட்டது, எண் இறங்கிவிட்டது, எழுதுகிற இளம் டாக்டருக்கு அது முடிந்த கதை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இவனுக்கு நான்கு வயதாகும்போது ஓமலூரிலோ ஆத்தூரிலோ ஒரு டாக்டர் காய்ச்சலுக்கு ஊசி எழுதப் போகிறார். அவரிடம் நீட்டப்படும் சீட்டில் அந்த வரி இல்லையென்றால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஏன் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. தாயின் வயிற்றில் 36 வாரத்தோடு அவை உருவாவது முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. பாதிப்பில் அடிபட்ட செல்கள் பெரும்பாலும் ஆறிவிடும். சில வடிகட்டிகள் நிரந்தரமாக நின்றுபோயிருக்கலாம். உங்கள் தங்கை வாழ்க்கைப்பட்ட அம்மாப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள்: கூடத்தில் இரண்டு தறி நின்றால், மற்றத் தறிகளை இரவும் ஓட்டி அந்த வாரத்துச் சேலைக் கணக்கைச் சரிக்கட்டிவிடுவார்கள். கணக்கில் குறை தெரியாது, தேய்மானம் பிறகுதான் தெரியும். கிரியேட்டினின் என்பது சேலைக் கணக்கு. 0.4 என்று இறங்கிவிட்டது என்றால் வேலை நடக்கிறது என்று பொருள், எத்தனை தறி ஓடுகிறது என்பதை அது சொல்லாது. தேய்மானத்தின் முதல் அறிகுறிகள் இரண்டு: சிறுநீரில் புரதம் இறங்குவது, ரத்த அழுத்தம் கூடுவது. இரண்டும் வலிக்காது, வெளியே தெரியாது. தேடினால்தான் கிடைக்கும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை. நிறைமாதத்தில் பிறந்து, டயாலிசிஸ் தேவைப்படாமல், இரண்டு வாரத்தில் எண் இறங்கிய குழந்தை நல்ல இடத்தில்தான் இருக்கிறான். குறைமாதத்தில் பிறந்து அடிபட்டவனுக்கு வடிகட்டிகளின் எண்ணிக்கையே குறைவு, அவன் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாகப் பேசியிருப்பேன்.

ஆகவே செய்ய வேண்டியது: அந்த மருத்துவமனைக்குப் போய், சண்டை போடாமல், "பிறந்த முதல் வாரத்தில் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, இரண்டாம் படி, உச்ச கிரியேட்டினின் 1.9, வீட்டுக்கு அனுப்பும்போது 0.4, டயாலிசிஸ் தேவைப்படவில்லை" என்று சம்மரியில் சேர்த்து முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். தாராளமாகச் செய்து தருவார்கள். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்திலும் அதையே எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவில் தொலைந்துபோகும். தடுப்பூசி அட்டை பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை கூடவே வரும்.

மூன்றாம் மாதம் முடியும்போது ஒரு பரிசோதனை: எடை, உயரம், ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஒரு முறை கிரியேட்டினின். எல்லாம் இயல்பு என்றால் ஒரு வயதில் மறுபடி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரும் ரத்த அழுத்தமும் போதும். மற்றக் குழந்தைகளுக்கு மூன்று வயதிலிருந்துதான் வழக்கமாக ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறோம், இவனைப் போன்றவர்களுக்கு முன்பே பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்கான சிறிய பட்டை இருக்கிற இடத்தில், அவன் அழாமல் இருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். பட்டையின் அளவு தப்பினால் எண்ணும் தப்பும். தனியார் செலவு கட்டுப்படியாகாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் குழந்தைக்குச் சிகிச்சையும் பரிசோதனையும் இலவசம். அழாமல் பிறந்தவன் என்பதால் வளர்ச்சியையும் காதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தலை நிற்பது, முகம் பார்த்துச் சிரிப்பது எல்லாம் சிறுநீரகத்தைவிட எனக்கு முதன்மையானவை. அந்தப் பரிசோதனைகளை இதோடு சேர்த்தே செய்துவிடலாம்.

உரை மருந்து வேண்டாம். ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு என்று கல்லில் உரைத்து நாக்கில் தடவுவது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம், அதைச் செய்கிற பாட்டிகளின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் காயில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவில்லாத ஒன்றை அடிபட்டு எழுந்த சிறுநீரகத்துக்குக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது. உரைகல்லில் ஒட்டியிருக்கும் கிருமி வேறு. சளி, இருமலுக்குக் கடையில் வாங்கும் சிரப்பும் கூடாது. 2022இல் காம்பியாவிலும் 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவிலும் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்துக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மறந்துவிடாதீர்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு இருமல் சிரப்பே தேவையில்லை.

தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சேலத்து ஏப்ரல் மாதத்திலும். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதில் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் உப்பும் குறைவு. வெயிலுக்கு அவன் கூடுதலாகக் கேட்டால் கூடுதல் முறை பால் கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் தங்கைதான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணி நன்றாக நனைகிறதா என்பதை மட்டும் பாருங்கள். சிறுநீர் தெறித்துப் பாயாமல் சொட்டுச் சொட்டாக வந்தால், கண் இமை காலையில் வீங்கினால், சிறுநீர் சிவந்தால், பால் குடிக்க மறுத்தால், வயிற்றுப்போக்கு தொடங்கினால் அன்றே காட்டுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது, நேராக மருத்துவமனைதான். பின்னாளிலும் காய்ச்சலுக்கு இப்யூப்ரோஃபென் மருந்தைத் தவிர்த்துவிடுங்கள், வாந்திபேதியில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. தடுப்பூசிகளை ஒன்றுகூடத் தள்ளிப்போடாமல் போடுங்கள்.

ஏற்காட்டுக்குத் தாராளமாக அழைத்து வாருங்கள். குளிர் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது சரியில்லை. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரமும் அவனை ஒன்றும் செய்யாது. இந்த வெயிலுக்கு மலைதான் அவனுக்கும் சௌகரியம். தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் போட்டு, வளைவுகளில் அவன் பால் கக்கினால் வண்டியை ஓரங்கட்டி, தோளில் போட்டுத் தட்டிவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் இரண்டு வேலை: திருத்திய சம்மரியை வாங்கிக்கொள்ளுங்கள், மூன்றாம் மாதப் பரிசோதனைக்குத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு மாமியார் அம்மாவையும் உடன் அழைத்துப் போனால் நல்லது. காப்பி விஷயத்தை அந்த டாக்டர் வாயாலேயே அவர் கேட்டுக்கொள்ளட்டும்.